சீகை மரத்தடியில் சோலைக் கன்றுகள்: வெட்டுவதா, விடுவதா?

கூக்கால்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் உள்ள எங்கள் குடும்ப நிலத்தின் மேற்கு எல்லை ஒரு சிறு சோலையை, அதாவது மலைப் பள்ளத்தாக்கில் இயற்கையாக வளர்ந்த பசுமைக்காட்டை, தொட்டுக்கொண்டிருக்கிறது. எல்லையை ஒட்டிய ஓடைச் சரிவில் தாத்தா விறகுக்காக வளர்த்த சீகை (வாட்டில் எனப்படும் அயல் மரம்) மரங்கள் ஓங்கி நிற்கின்றன. அவற்றின் அடியில் காட்டுச் செண்பகமும் நாவல் இனத்தைச் சேர்ந்த சில கன்றுகளும், எனக்குப் பெயர் தெரியாத, கசக்கினால் இலவங்கப்பட்டை மணம் வீசும் இலைகளைக் கொண்ட கன்றுகளும் இடுப்பளவுக்கு வளர்ந்துவிட்டன. இவற்றை யாரும் நடவில்லை. அதே நிலத்தின் மேல்பகுதி ஒரு காலத்தில் புல்மேடாக இருந்ததாக அம்மா சொல்கிறார். அங்கும் இப்போது சீகைதான். ஆனால் அதன் அடியில் சோலைக் கன்று ஒன்றுகூட இல்லை, இருந்த புல்லும் போய்விட்டது.

அயல் மரங்களை அகற்றும் பணி மலை முழுவதும் நடந்துவருவதால் நாமும் எல்லாவற்றையும் வெட்டிவிடலாம் என்று தம்பி சொல்கிறான். பக்கத்து நிலத்துக்காரரோ சீகைதான் சோலைக்குத் தாய், அதில் கை வைக்காதீர்கள் என்கிறார். ஒரே மரம் ஐம்பதடி கீழே ஒரு விதமாகவும் மேலே வேறு விதமாகவும் நடந்துகொள்வது எப்படி என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

அவலாஞ்சிக்காரர் எழுதியது:

உங்கள் தம்பி, பக்கத்து நிலத்துக்காரர் இருவருமே சீகைக்கும் சோலைக்கும் உள்ள உறவை அந்த இரண்டை மட்டும் வைத்தே முடிவு செய்கிறார்கள். மலையில் எந்த இரண்டு உயிர்களின் உறவையும் அப்படித் தனியே பிரித்துச் சொல்லிவிட முடியாது என்பது என் கருத்து. உறைபனி, புல், நெருப்பு, பறவை, மேயும் விலங்கு ஆகியவற்றில் எது அந்த இடத்தில் இருக்கிறது, எது இல்லாமல் போயிற்று என்பதைப் பொறுத்தே அந்த உறவு அமைகிறது.

முதலில் உறைபனியைப் பார்ப்போம். மார்கழி, தை மாதங்களில் எங்கள் பக்கம் புல்வெளிகள் விடியற்காலையில் உப்பைக் கொட்டியதுபோல வெளுத்துக் கிடக்கும். சோலைக்கு உள்ளே போனால் இலை நுனியில்கூட உறைபனி இராது. மரக்கூரை இரவில் மண்ணின் வெப்பத்தை வெளியேற விடாமல் தடுப்பதே காரணம். சோலை மரங்களின் இளங்கன்றுகள் இந்தக் குளிரைத் தாங்குவதில்லை. அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் ஆகியோர் நீலகிரியின் உயர்பகுதியில் கன்றுகளை நட்டுப் பார்த்துச் செய்த ஆய்வு 2020இல் வெளியாயிற்று. திறந்த புல்வெளியில் சோலைக் கன்றுகளை உறைபனி தடுக்கிறது என்பதையும், அதே இடத்தில் அயல் இனமான சீகை பிழைத்துக்கொள்கிறது என்பதையும் அது காட்டியது. சோலை பள்ளத்தாக்கிலும் புல் மேட்டிலும் பிரிந்து நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்தப் பிரிவு புதிதன்று. நீலகிரிச் சதுப்புகளின் கரிமண் அடுக்குகளை ஆராய்ந்து ராமன் சுகுமாரும் உடன் பணியாற்றியோரும் 1993இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளாகப் புல்லும் மரமும் தட்பவெப்பத்துக்கு ஏற்ப முன்னும் பின்னுமாக நகர்ந்துவந்திருக்கின்றன. காட்டை அழித்ததால்தான் புல்வெளி உண்டாயிற்று என்று இன்றைக்கும் சுற்றுலா வழிகாட்டிகள் சிலர் சொல்வதைக் கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இனி உங்கள் ஓடைச் சரிவுக்கு வருவோம். அங்கே சீகையின் கூரை உறைபனியைத் தடுக்கிறது. அதன் இலைகள் மிகச் சிறியவை என்பதால் வெளிச்சம் சலித்து இறங்குகிறது. பக்கத்திலேயே விதை தரும் சோலையும் இருக்கிறது. ஆகவே கன்றுகள் பிழைத்தன. மேட்டில் இருந்ததோ புல். மலைப்புல்லுக்கு முழு வெயில் வேண்டும். மேலே கூரை மூடியதும் அது செத்துப்போகும். சீகை இரண்டு இடத்திலும் நிழலைத்தான் கொடுத்தது. கீழே அந்த நிழல் தேவைப்பட்டது, மேலே அது கேடாயிற்று.

பூக்கொத்தி எழுதியது:

அவலாஞ்சிக்காரர் ஐயா சொன்னதில் விதை எப்படி வந்தது என்பதை மட்டும் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். பறவைகளைப் பார்ப்பவன் என்பதால் அந்தப் பகுதிதான் எனக்கு ருசியானது.

சோலை ஓரத்துச் சீகை மரம் ஒன்றின் அடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக் காலையிலிருந்து மதியம் வரை காத்திருந்து பாருங்கள். செம்மீசைச் சின்னான் வந்து உட்காரும். கொண்டையை நிமிர்த்தி நான்கு திசையும் பார்க்கும். வாலைச் சற்றே தூக்கி எச்சமிட்டுவிட்டுப் பறந்துவிடும். துணியில் விழுந்த எச்சத்தில் ஊதா நிறச் சாறுக்கு நடுவே தவிட்டுப்பழத்தின் பொடி விதைகளையும், சில சமயம் மிளகு அளவிலான கருவிதைகளையும் காணலாம். சீகைப் பூவோ காயோ இந்தப் பறவைக்கு உணவில்லை. உட்கார்ந்து இளைப்பாற ஒரு கிளை கிடைக்கிறது என்பதற்காகத்தான் அது அங்கே வருகிறது. வெறும் புல்மேட்டில் அதற்கு உட்கார இடமில்லாததால் அங்கே விதையும் விழுவதில்லை.

சின்னானின் வாய் சிறியது. எனவே அது விழுங்கக்கூடிய சிறுகனி மரங்களே முதலில் வருகின்றன. இலவங்கப்பட்டை குடும்பத்தில் பெரிய கனி தரும் மரங்களை நீலகிரிக் காட்டுப்புறா போன்ற பெரிய பறவைகள்தாம் முழுதாக விழுங்கும். அந்தப் புறா அடர்ந்த சோலையை விட்டு அதிக தூரம் வெளியே வராது. இரவில் மரநாய் அந்த வேலையில் ஒரு பங்கைச் செய்கிறது. எனவே கூக்கால்வாசியின் சரிவில் இன்று நிற்கும் கன்றுகள் ஒரு சோலையின் முழுப் பட்டியல் ஆகா. யார் வாய்க்கு எது அடங்கியதோ அதன் பட்டியல். சோலை தொட்டடுத்து இருப்பதால்தான் இலவங்கப்பட்டை மணமுள்ள கன்று உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. சோலையிலிருந்து தொலைவில் உள்ள சீகைத் தோப்புகளில் அதைக் காண்பது அரிது.

உறவுகள் எவ்வளவு நுட்பமாகப் பின்னிக்கிடக்கின்றன என்பதற்குப் புல்லுருவியைச் சொல்ல வேண்டும். சோலை மரக்கிளைகளில் ஒட்டி வாழும் இந்தச் செடியின் பழத்தைப் பூக்கொத்திக் குருவி விழுங்கினால், சதை செரித்து, பசையோடு கூடிய விதை சில நிமிடங்களிலேயே வெளியே வந்துவிடுகிறது. பசை எளிதில் விடாது. குருவி கிளையில் பக்கவாட்டில் நகர்ந்து, உடலின் பின்பகுதியைப் பட்டையில் தேய்த்தே அதை விடுவித்துக்கொள்கிறது. அந்தத் தேய்ப்பில்தான் விதை சரியான இடத்தில் நடப்படுகிறது. பூவும் அதே குருவியை நம்பியே இருக்கிறது: சில இனங்களில் மொட்டு தானாக விரியாமல், அலகு நுனியால் அழுத்தியதும் வெடித்துத் திறந்து மகரந்தத்தை முகத்தில் அப்பிவிடும். இத்தகைய சில புல்லுருவிகளின் மொட்டு அவற்றின் பழத்தைப் போலவே தோற்றமளிப்பதைப் பிரியா டேவிதார் நீலகிரியில் செய்து 1983இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார். தாங்கி நிற்கும் மரத்தைக் கேட்டால் புல்லுருவி திருடன். குருவியைக் கேட்டால் அன்னதாதா.

பூண்டுத்தோட்டம் எழுதியது:

பறவையைப் பற்றி அழகாக எழுதுகிறீர்கள். எங்களுக்கு இரவெல்லாம் தூக்கமில்லாமல் செய்வது காட்டுமாடு. மன்னவனூர், பூம்பாறைப் பக்கத்தில் பூண்டு, பீன்ஸ், கேரட் போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் காலத்தில் மேட்டுப் புல்லில் மேய்ந்துகொண்டிருந்த மாடு இன்று வேலியை மிதித்துக்கொண்டு தோட்டத்துக்குள் நிற்கிறது. பூண்டை அது தின்னாது, ஆனால் மிதித்த பாத்தியில் என்ன மிஞ்சும்? சீகைக்கு அடியில் மாடு தின்ன என்ன இருக்கிறது என்பதை யாராவது சொல்லுங்கள். சோலைக் கன்று முளைத்ததற்கு மகிழ்கிறவர்கள் போன புல்லுக்குக் கணக்குச் சொல்வதில்லை.

அவலாஞ்சிக்காரர் எழுதியது:

பூண்டுத்தோட்டம் அண்ணன் கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி. பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையே செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டதாகக் காட்டியது. அதே காலத்தில் சோலைக்காடு அந்த அளவுக்குக் குறையவில்லை. அதாவது அடி வாங்கியது பெரும்பாலும் புல்தான். காடு என்றால் மரம் என்று நினைத்துப் பழகிய கண்ணுக்கு அது இழப்பாகவே தெரியவில்லை.

புல் போனால் அதோடு போகிறவற்றைச் சொல்கிறேன். காட்டுமாடும் கடமானும் மேய்ந்து புல்லைக் குட்டையாக வைத்திருக்கும். குட்டையான புல்லில்தான் புதுத் தளிர் வரும், அதைத்தான் வரையாடு விரும்பும். அவற்றின் சாணத்தைச் சாணவண்டு உருட்டி மண்ணுக்குள் கொண்டுபோகும். அதனால் உரம் மேலோடு நின்றுவிடாமல் வேரடிக்கு இறங்கும். வரையாட்டுக்குப் பாறைச் செங்குத்தும் திறந்த மேய்ச்சலும் சேர்ந்து வேண்டும். தூரத்தில் வரும் செந்நாயையோ சிறுத்தையையோ கண்டவுடன் பாறைக்கு ஓடித் தப்புவதுதான் அதன் வழி. பாறையடி வரை சீகைப் புதர் ஏறிவிட்டால் சிறுத்தைக்கு மறைவு கிடைக்கிறது, ஆட்டுக்குப் பார்வை போய்விடுகிறது. இரையும் வேட்டையாடியும் முன்பிருந்த அதே இரண்டுதான். நடுவில் ஒரு மரம் நுழைந்ததால் கணக்கு மாறிவிடுகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியும் அந்தச் சரிவுகளைச் சேர்ந்ததுதான். 2018இல் பூத்த சரிவுகளில் நிழல் விழுந்துவிட்டால் 2030இல் மலைத்தேனீக்கு அங்கே என்ன வேலை?

நெருப்பின் கதை இதைவிடச் சிக்கலானது. பனிக்காலத்தில், காடு முற்றிலும் காய்வதற்கு முன், சிறு சிறு பகுதியாகப் புல்லை எரித்து எருமைக்குத் தளிர் வரச் செய்யும் வழக்கம் தோடர்களிடம் இருந்தது. புல்லின் வளர்முனை தரையோடு இருப்பதால் அது எரிந்தாலும் மீளும். சோலையின் ஈர ஓரத்தில் நெருப்பு தானாக அணைந்துவிடும். புல்வெளியில் தனித்து நிற்கும் காட்டுப்பூவரசு மரம் தடித்த பட்டையால் அதைத் தாங்கிக்கொள்ளும். இப்போது அதே நெருப்பு சீகை பரவிய சரிவில் பிடித்தால் விளைவு தலைகீழாகிறது. சீகை விதையின் ஓடு கல்லைப்போன்றது. மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். சூடு பட்டதும் ஓடு விரிந்து முளைத்துவிடும். புல்லைக் காத்துவந்த நெருப்பு அங்கே சீகையைப் பெருக்குகிறது.

தாவரவியல் மாணவி எழுதியது:

வணக்கம். எங்கள் பாடநூலில் இரு இனங்களுக்கு இடையிலான உறவுகள் கூட்டல், கழித்தல் குறிகளுடன் ஓர் அட்டவணையாக உள்ளன: இருவருக்கும் நன்மை, ஒருவருக்கு நன்மை ஒருவருக்குத் தீங்கு என்று. இங்கே நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சீகையை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றே தெரியவில்லையே. மேலும், மண்ணுக்கு அடியில் நடப்பதை யாரும் குறிப்பிடவில்லை.

அவலாஞ்சிக்காரர் எழுதியது:

தேர்வுக்கு அட்டவணையை எழுதுங்கள் அம்மா, மதிப்பெண் அதற்குத்தான். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் 'எந்த இடத்தில், யார் முன்னிலையில்' என்று மனத்துக்குள் ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள்.

மண்ணுக்கு அடியில் சீகை தனியாக இல்லை. அதன் வேர் முண்டுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. பதிலுக்கு மரம் சர்க்கரை கொடுக்கிறது. சத்துக் குறைந்த மலைமண்ணில் சீகை இவ்வளவு வேகமாக வளர்வதற்கு அந்தக் கூட்டாளியும் காரணம். மரத்தை வெட்டிய பிறகும் மண்ணில் சேர்ந்த நைட்ரஜன் அப்படியே இருக்கும். ஏழை மண்ணுக்குப் பழகிய புல்லைவிட, சத்தான மண்ணை விரும்பும் களைகள் அந்த இடத்தை முந்திப் பிடிப்பதற்கு அது வழிவிடும்.

பைன் மரமும் தன் கூட்டாளியோடுதான் வந்தது. மழைக்காலத்தில் கொடைக்கானல் பைன் தோப்புகளில் சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளிகளோடு முளைக்கும் காளானைப் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகு, தின்றால் நஞ்சு. அது நம் சோலையைச் சேர்ந்ததன்று. பைன், கற்பூர மரம் (யூகலிப்டஸ்) ஆகியவற்றின் வேரைப் போர்த்திக்கொண்டு, நீரும் தாதும் உறிஞ்சிக் கொடுத்து உணவு வாங்கிக்கொள்ளும் பூஞ்சை அது. நாம் மரத்தைத்தான் கொண்டுவந்தோம் என்று நினைக்கிறோம். ஒரு கூட்டமே வந்து இறங்கியிருக்கிறது.

மலைச்சாரல் எழுதியது:

ஒரு மறுப்பைப் பதிவு செய்ய வேண்டும். 'சீகை தாய்மரம்' என்ற பேச்சு, எதையும் செய்யாமல் இருப்பதற்கு நல்ல சாக்காகிவிட்டது. தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் புல்மேட்டில் நட்ட தோட்டங்களை, சோலை வருகிறது என்று சொல்லி அப்படியே விட்டுவிடலாம் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். புல் இருந்த இடத்தில் சோலை வந்தால்கூட அது மீட்பு ஆகாது; ஒன்றை இழந்து வேறொன்றைப் பெறுவது, அவ்வளவுதான். நீலகிரி நெட்டைக்காலியைப் போலப் புல்லிலேயே கூடு கட்டும் பறவைக்குச் சோலை வந்து என்ன பயன்?

பூக்கொத்தி எழுதியது:

மலைச்சாரல் சொல்வதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் எல்லாத் தோப்பையும் ஒரே மூச்சில் மொட்டையடிப்பதும் தீர்வாகாது. அடியில் சோலைக் கன்று நிற்கும் இடத்தில் கூரையை ஒரே நாளில் எடுத்துவிட்டால், அடுத்த உறைபனியில் கன்றுகள் கருகும், வெயில் பட்ட மண்ணில் சீகை விதை கொத்துக்கொத்தாக முளைக்கும், உன்னிச்செடியும் சேர்ந்துகொள்ளும். தாயும் போய்ப் பிள்ளையும் போன கதையாகிவிடும்.

கூக்கால்வாசி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இப்போது நடைமுறைக்கு வருகிறேன். ஓடைச் சரிவு, மேடு இரண்டிலும் நான் செய்ய வேண்டியது என்ன? சோலை நாற்றுகள் இலவசமாகத் தருவதாக ஒருவர் சொல்கிறார். மேட்டில் சீகையை வெட்டிவிட்டு அவற்றை நடலாமா?

அவலாஞ்சிக்காரர் எழுதியது:

மேட்டில் சோலை நாற்று நட வேண்டாம். உறைபனி அவற்றைக் கொல்லும். தப்பித்தவறிப் பிழைத்தாலும் அது புல்லுக்குரிய இடம். வாங்கும் நாற்றுகளை ஓடைச் சரிவில் இடைவெளியுள்ள இடங்களில் வையுங்கள். பூக்கொத்தி சொன்னதுபோல், சின்னான் கொண்டுவர முடியாத பெரிய விதை மரங்களாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள். மற்றவை தாமாகவே வரும்.

ஓடைச் சரிவில் பெரிய சீகைகளை இப்போது தொடாதீர்கள். கீழே முளைக்கும் சீகைக் கன்றுகளை மட்டும், மண் ஈரமாக இருக்கும்போது, வேரோடு பிடுங்குங்கள். காய்க்கும் வயதுக்கு அவற்றை விடக்கூடாது. சோலைக் கன்றுகள் தலைக்கு மேல் உயர்ந்த பிறகு, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய மரங்களை எடுக்கத் தொடங்கலாம்.

மேட்டில் வேலை நேர்மாறானது. ஆனால் ஓரத்திலிருந்து, பராமரிக்க முடிந்த அளவுக்குச் சிறு பகுதியாகத் தொடங்குங்கள். முதலில் உங்களிடம் இருப்பது கருஞ்சீகையா, வெள்ளிச்சீகையா என்று பாருங்கள். சாம்பல் நீலம் பூத்த இலையுள்ள வெள்ளிச்சீகையை வெட்டினால் வேரிலிருந்தே பத்துக் கன்று கிளம்பும். அதற்குத் திரும்பத் திரும்ப ஆள் வேண்டும். வெட்டிய கழிவை அங்கேயே எரிக்காதீர்கள், காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். பருவமழை தொடங்கியதும் அருகில் மிஞ்சியிருக்கும் மலைப்புல் தூர்களைப் பிரித்து நெருக்கமாக நடுங்கள். கடையில் விற்கும் தீவனப்புல் வேண்டாம். புல் மூடும் வரை வருடந்தோறும் சீகைக் கன்று பிடுங்கத்தான் வேண்டும். விதை மண்ணில் இருப்பதால் இது ஒரு தலைமுறை வேலை.

பூண்டுத்தோட்டம் எழுதியது:

நட்ட புல்லைக் காட்டுமாடு முதல் மாதமே வந்து பிடுங்கிப் போட்டுவிடுமே?

அவலாஞ்சிக்காரர் எழுதியது:

தூர் வேர் பிடிக்கும் வரை முள்கிளை போட்டு மறைத்து வையுங்கள். ஊசிக்களா கிளை போதும். வேர் பிடித்த பிறகு வேலியை எடுத்துவிடுங்கள். மாடு மேய்வது நல்லது, மேய்ந்தால்தான் புல் அடர்த்தியாகும். சீகைத் தளிரையும் அது கொஞ்சம் கடித்துவைக்கும்.

இன்னொன்று. சொந்த நிலமாக இருந்தாலும் நம் மலைப்பகுதிகளில் அனுமதியின்றி மரம் வெட்டக்கூடாது. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உள்ளது. மனு கொடுக்கும்போது ஓடைச் சரிவில் விட்டுவைக்கும் மரங்களையும் மேட்டில் எடுக்கும் மரங்களையும் தனித்தனியாக வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள். 'சீகை மரங்கள்' என்று மொத்தமாக எழுதிக் கொடுத்தால், வெட்ட வரும் ஒப்பந்தக்காரர் எளிதில் லாரி ஏற்றக்கூடிய கீழ்ச் சரிவிலிருந்துதான் தொடங்குவார்.